விழுங்கிய சாட்சி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வான்கூவருக்குக் கிழக்கே அகாஸி என்றொரு சிற்றூர். அதன் அருகே மவுண்ட் வுட்சைட் என்ற மலை. 2012 ஏப்ரல் 28 அன்று அந்த மலையின் விளிம்பிலிருந்து ஒரு ஹேங் கிளைடர் இருவரோடு ஓடிக் கிளம்பியது. ஒருவர் பயிற்சியாளர், பழம் தின்று கொட்டை போட்டவர். மற்றவர் பணம் கட்டிப் பறக்க வந்த 27 வயதுப் பெண். கால்கள் தரையை விட்ட அடுத்த நொடியே விபரீதம் தெரிந்துவிட்டது. பயிற்சியாளர் இறக்கையில் தொங்கினார். அந்தப் பெண்ணோ பயிற்சியாளரைப் பிடித்துத் தொங்கினார். அவருடைய கச்சையை இறக்கையோடு இணைக்கும் கொக்கி மாட்டப்படவே இல்லை. பயிற்சியாளர் கால்களால் அவரைச் சுற்றிப் பிடிக்கப் பார்த்தார். முடியவில்லை. சுமார் 300 மீட்டர் உயரத்திலிருந்து அந்தப் பெண் காட்டுக்குள் விழுந்து இறந்தார்.

நடந்ததையெல்லாம் கிளைடரில் இருந்த கேமரா ஒன்று படம்பிடித்துக்கொண்டிருந்தது. தரையிறங்கிய பயிற்சியாளர் அதன் மெமரி கார்டைக் கழற்றி விழுங்கிவிட்டார்.

போலீசார் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தார்கள். பிறகு அவரைக் காவலில் வைத்து, இயற்கை தன் வேலையை முடிக்கும்வரை காத்திருந்தார்கள். சில நாட்களில் கார்டு கிடைத்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2014 பிப்ரவரியில் ஐந்து மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உலகப் பத்திரிகைகள் இந்தச் செய்தியை ஒரு வினோதத் துணுக்குபோல வெளியிட்டு மறந்துவிட்டன.

கார்டை விழுங்கியவரை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அவரைத் திட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு விபத்து நடந்தவுடன், எப்படி நடந்தது என்பதற்கான ஒரே சான்றை மறைக்க வேண்டும் என்று ஒரு மனிதனுக்குத் தோன்றுகிறது. அவர் வயிற்றால் செய்ததைப் பறக்கும் விளையாட்டின் சங்கங்கள் பூட்டிய அலமாரியால் செய்கின்றன. வழக்கறிஞர்கள் ஆலோசனையால் செய்கிறார்கள். வேகம்தான் வேறு.

*

முதலில் அந்தக் கொக்கியைப் பார்த்துவிடுவோம். இந்த அத்தியாயத்தின் அறிவியல் பாதி அதில்தான் தொங்குகிறது.

ஹேங் கிளைடர் ஓட்டுபவர் கச்சை ஒன்றை உடலில் அணிந்துகொள்கிறார். கச்சையிலிருந்து வரும் பட்டையை, மலையேறுபவர்கள் பயன்படுத்தும் காரபினர் கொக்கியால் இறக்கையின் நடுத்தண்டோடு மாட்ட வேண்டும். பறக்கும்போது அவருடைய முழு எடையும் அந்தப் பட்டையில்தான். தரையில் நிற்கும்போது நிலைமை தலைகீழ்: இறக்கை அவர் தோளில் உட்கார்ந்திருக்கிறது, பட்டை தொய்ந்து கிடக்கிறது. ஆகவே கொக்கி மாட்டியிருந்தாலும் மாட்டாவிட்டாலும் உடம்புக்கு ஒரே உணர்வுதான். வித்தியாசம் தெரிவது காலடியில் தரை இல்லாமல் போன பிறகு.

இதை மறப்பது புதியவர்கள் செய்யும் தவறு என்று நினைப்போம். அனுபவசாலிகளும் மறக்கிறார்கள், நன்றாகவே மறக்கிறார்கள். அமெரிக்காவின் நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்தில் கீ டிஸ்மூக்ஸ் என்ற உளவியலாளர் விமானிகளின் மறதியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இனிமேல் செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவருவது தனி வகை நினைவாற்றல். குறுக்கீடுகளுக்கு அது எளிதில் பலியாகிறது என்பது அவர் வலியுறுத்திய கருத்து. பழகிய வேலைகளை நாம் சங்கிலிபோல் செய்கிறோம். ஒரு கண்ணி அடுத்ததை இழுத்து வரும். நடுவில் யாராவது கூப்பிட்டால் சங்கிலி அறுந்துவிடும். திரும்பி வரும்போது ஒரு கண்ணியைத் தாண்டி அடுத்ததைப் பிடிக்கிறோம். ஓர் ஓட்டி கொக்கியை மாட்டியிருக்கிறார், காற்று திசை மாறுகிறது, கொக்கியைக் கழற்றிவிட்டு ஒரு கம்பியைச் சரிபார்க்கப் போகிறார், திரும்பி வந்து இறக்கையைத் தூக்குகிறார். ‘கொக்கி மாட்டினேனா?’ என்று மனதைக் கேட்டால், மனம் ‘மாட்டினாய்’ என்கிறது. அது பொய்யும் இல்லை. பத்து நிமிடத்துக்கு முன் மாட்டியது உண்மைதானே.

அனுபவம் இந்த நினைவை இன்னும் கெட்டிப்படுத்துகிறது. ஆயிரம் முறை மாட்டியவருக்கு, மாட்டிய நினைவு ஆயிரம் இருக்கிறது.

இதற்கு ஓட்டிகள் கண்டுபிடித்த தீர்வுகள் எளிமையானவை. ஓடத் தொடங்கும் முன் இறக்கையைத் தோளிலிருந்து சற்றே உயர்த்துவது ஒன்று: தொடைப் பட்டை வெடுக்கென்று இழுத்தால் கொக்கி இருக்கிறது, இழுக்காவிட்டால் இல்லை. இரண்டாவது, கச்சையை முதலிலேயே இறக்கையில் மாட்டிவிட்டு, அதற்குள் உடம்பை நுழைத்துக்கொள்வது. ஆஸ்திரேலிய முறை என்று அதற்குப் பெயர். எது சிறந்தது என்று அவர்களுக்குள் சண்டை ஓயவில்லை. ஆனால் இரண்டு முறைகளும் பரவியது ஒரே வழியில்தான்: கொக்கி மாட்டாமல் கிளம்பி, இறக்கையைச் செலுத்தும் குறுக்குக் கம்பியைப் பிடித்துத் தொங்கி, எப்படியோ உயிர் பிழைத்தவர்கள், வெட்கத்தை விட்டு மற்றவர்களிடம் சொன்னார்கள்.

அப்படிச் சொல்வது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் 2018ல் கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் பகுதியில் அமெரிக்கச் சுற்றுலாப் பயணி ஒருவர் ஓட்டியோடு ஹேங் கிளைடரில் கிளம்பினார். அதே தவறு. அவருடைய கொக்கி மாட்டப்படவில்லை. இரண்டு நிமிடத்துக்கும் மேலாக ஒரு கையால் கம்பியையும் மறு கையால் ஓட்டியையும் பிடித்துத் தொங்கினார். ஓட்டி ஒரு கையால் இறக்கையைச் செலுத்தியபடி தரைக்குக் கொண்டுவந்தார். பயணிக்கு மணிக்கட்டு உடைந்தது, மேற்கையின் தசைநார் கிழிந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இங்கேயும் கேமரா இருந்தது. பயணி அந்த வீடியோவை உலகமே பார்க்கும்படி வெளியிட்டார். கோடிக்கணக்கானவர்கள் பார்த்திருப்பார்கள். ஓட்டியைத் திட்டவில்லை, மறுபடி பறக்கப்போவதாகச் சொன்னார்.

உயிர்ச்சேதம் நடந்த இடத்தில் இப்படிப்பட்ட பெருந்தன்மையை எதிர்பார்க்க முடியாது என்பது தெரியும். இரண்டையும் சரிசமமாக வைக்கவில்லை. ஒரே தவறைக் காட்டும் இரண்டு பதிவுகள். வெளியே வந்த ஒன்றைப் பார்த்து எத்தனை ஓட்டிகள் அடுத்த நாள் காலை தங்கள் பட்டையை இன்னொரு முறை இழுத்துப் பார்த்திருப்பார்கள் என்று மட்டும் யோசிக்கிறேன்.

*

ஒரு சின்னக் கணக்கு. கற்பனை எண்கள்தான், ஆனால் கணிதம் நிஜம்.

ஏதோ ஒரு குறிப்பிட்ட தவறு 20,000 கிளம்பல்களுக்கு ஒருமுறை நிகழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சங்கத்தில் ஆண்டுக்கு 2,000 கிளம்பல்கள். சராசரியாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை அந்தத் தவறு அங்கே நடக்க வேண்டும். ஆனால் அரிய நிகழ்ச்சிகள் பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. புள்ளியியலில் பாய்சான் விதி சொல்வது: இப்படிப்பட்ட நூறு சங்கங்களில் ஏறக்குறைய 37 சங்கங்கள் பத்தாண்டுகளில் அந்தத் தவறை ஒருமுறைகூடப் பார்த்திருக்காது. அந்த 37 சங்கங்களின் மூத்தவர்களும், ‘எங்கள் இடத்தில் இதெல்லாம் நடக்காது, நாங்கள் கவனமானவர்கள்’ என்று மனமாரச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு வாய்த்தது அதிர்ஷ்டம் என்று கண்டுபிடிக்க அவர்களிடம் வழி இல்லை.

இதே தவறை ஐம்பது சங்கங்கள் ஒரே நோட்டில் எழுதினால், ஆண்டுக்கு ஐந்து பதிவு வரும். இரண்டாம் ஆண்டிலேயே ஒரு வடிவம் தெரியத் தொடங்கும்: மதியத்துக்கு மேல், காற்றுக்காகக் காத்திருந்து, ஒருமுறை கழற்றி மாட்டியவர்கள். பெரிய விமான நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான விமானங்களும் கறுப்புப் பெட்டிகளும் உண்டு. பொழுதுபோக்குப் பறத்தலில் கறுப்புப் பெட்டி கிடையாது. அங்கே விபத்தை நினைவில் வைத்திருக்கக்கூடிய கருவி பெரும்பாலும் வாய்தான்.

அரசாங்கம் அந்த வேலையைச் செய்யாதா என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஹேங் கிளைடர், பாராகிளைடர் ஆகியவை 1982ல் வந்த ‘பகுதி 103’ என்ற விதியின் கீழ் வருகின்றன. உரிமம் வேண்டாம், பதிவு எண் வேண்டாம். சுதந்திரம் என்று ஓட்டிகள் கொண்டாடும் விதி அது. அதன் மறுபக்கம்: தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்த விபத்துகளை வழக்கமாக விசாரிப்பதில்லை. ஒருவர் மலையில் மோதி இறந்தால், எப்படி என்று எழுதிவைக்கும் பொறுப்பு விளையாட்டுச் சங்கத்தின் தலையில். அந்தச் சங்கமோ தன் உறுப்பினர்களுக்குக் காப்பீடு வாங்கித் தரும் அமைப்பும்கூட. எழுது என்று ஒரு கை சொல்கிறது. எழுதாதே என்று மறு கை தடுக்கிறது.

ஆனால் ஆதியில் இது இப்படி இல்லை. நாசாவின் பொறியாளர் பிரான்சிஸ் ரொகாலோ வடிவமைத்த வளையும் இறக்கை 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் குன்றுகளில் இளைஞர்களின் பித்தாக மாறியபோது, யாருக்கும் எதுவும் தெரியாது. மூங்கிலும் பிளாஸ்டிக் தாளும் கட்டிப் பறந்தவர்கள் உண்டு. அடிக்கடி இறந்தார்கள். அந்தக் காலத்தில் வில்ஸ் சகோதரர்கள் நட்சத்திரங்கள். அவர்கள் தொடங்கிய வில்ஸ் விங் என்ற நிறுவனத்தின் பெயர் இந்த விளையாட்டில் இன்றும் பெரியது. 1974ல் அவர்களில் எரிக் பறக்கும்போது இறந்தார். 1977ல் ஒரு விளம்பரப் படப்பிடிப்பில், ஹெலிகாப்டர் கிளப்பிய காற்றுச் சுழலில் சிக்கி பாப் இறந்தார். அவர்களின் தந்தை ஆர். வி. வில்ஸ் அமெரிக்கச் சங்கத்துக்காக ஹேங் கிளைடர் விபத்துகளைத் தொகுத்தார். எந்த வகை இறக்கை, எப்படிப்பட்ட காற்று, என்ன செய்தார், எப்படி விழுந்தார் என்று சங்கத்தின் பத்திரிகையில் எழுதினார். அவருடைய தொழில் வக்கீல். வழக்கு என்றால் என்னவென்று தெரியாமல் எழுதியவர் அல்ல.

அப்படிச் சேர்ந்த விபத்துக் கதைகளில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. இறக்கை மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு செங்குத்தாகப் பாய்கிறது, ஓட்டி கம்பியை எவ்வளவு தள்ளினாலும் நிமிர மறுக்கிறது. நல்ல ஓட்டிகளும் இப்படி இறந்தார்கள். பாய்மரப் படகைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் புரியும். துணி இறக்கைக்குத் தானாக வடிவம் கிடையாது. காற்று கீழிருந்து அழுத்துவதால்தான் அது இறக்கையாக நிற்கிறது. செங்குத்தாகப் பாயும்போது காற்று துணியின் இரு பக்கத்தையும் ஒரே மாதிரி வருடிச் செல்லும். துணி படபடக்கத் தொடங்கும். மூக்கைத் தூக்க வேண்டிய விசை செத்துவிடும். தனித்தனி மரணங்களாகப் பார்த்தபோது ‘ஓட்டியின் தவறு’ என்று எழுதப்பட்டவை, சேர்த்துப் பார்த்தபோது இறக்கையின் குணமாகத் தெரிந்தன.

தீர்வு மலிவானது. மேலே நிற்கும் கம்பத்திலிருந்து துணியின் பின்விளிம்புக்குச் சில மெல்லிய கம்பிகள். சாதாரணமாகப் பறக்கும்போது அவை தொய்ந்திருக்கும். துணி படபடக்கும் நிலை வந்தால் பின்விளிம்பை மேலே இழுத்துப் பிடித்து மூக்கை நிமிர்த்தும். 1970களின் பிற்பகுதியில் உற்பத்தியாளர்கள் கூடித் தரநிர்ணயம் வகுத்தார்கள்: ஒவ்வொரு புது வடிவத்தையும் வண்டியின்மேல் பொருத்தி ஓட்டி, வெவ்வேறு கோணங்களில் மூக்கு நிமிர்கிறதா கவிழ்கிறதா என்று அளக்க வேண்டும். ஓட்டிகள் மார்பில் அவசரப் பாராசூட்டும் கட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். அடிப்படைத் தரவு என்று இதற்கு இருந்ததெல்லாம் இறந்தவர்களின் கதைகள்.

*

பிறகு ஏன் வாய் மூடிற்று?

வழக்குப் பயம் வெறும் பிரமை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. செஸ்னா நிறுவனம் பிஸ்டன் இயந்திரச் சிறு விமானங்களைத் தயாரிப்பதை 1986ல் நிறுத்தியது. முக்கியக் காரணமாக அது சொன்னது நஷ்டஈட்டு வழக்குகளின் செலவை. 18 ஆண்டுக்கு மேல் பழைய சிறு விமானங்களுக்காகத் தயாரிப்பாளர்மேல் வழக்குப் போட முடியாது என்று 1994ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகுதான் அந்த உற்பத்தி மீண்டும் தொடங்கியது. ஹேங் கிளைடர், பாராகிளைடர் ஓட்டிகளின் அமெரிக்கச் சங்கத்துக்குக் காப்பீடு தர நிறுவனங்கள் தயங்கியபோது, உறுப்பினர்களே பணம் திரட்டி 2016ல் சொந்தமாக ஒரு காப்பீட்டு அமைப்பைத் தொடங்க வேண்டியிருந்தது. ஒரு பெரிய வழக்கு போதும், பறக்கும் மலைகளே மூடப்பட்டுவிடும் என்ற நிலையில் உள்ளவர்களிடம் ‘தைரியமாகப் பேசுங்கள்’ என்று சொல்வது எளிது.

வக்கீல்களின் அச்சம் துல்லியமானது. அமெரிக்க உரிமையியல் வழக்கில், வாதி பிரதிவாதியின் கோப்புகளைக் கேட்டுப் பெறலாம். ‘இதே மாதிரி மூன்று விபத்து நடந்ததாக உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறதே, தெரிந்தும் ஏன் சும்மா இருந்தீர்கள்?’ என்று கேட்டால் சங்கத்திடம் பதில் இருக்காது. ஆகவே தெரிந்துகொள்ளாமலே இருப்பது நல்லது. இந்தத் தர்க்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. கவனக்குறைவு பற்றிய சட்டம் ‘தெரிந்திருந்ததா’ என்று மட்டும் கேட்பதில்லை, ‘தெரிந்திருக்க வேண்டுமா’ என்றும் கேட்கிறது. கண்ணை மூடிக்கொண்ட பூனைக்கு அங்கேயும் இருட்டு கிடைப்பதில்லை.

எழுதியது நீதிமன்றத்தில் படிக்கப்பட்டால் என்ன ஆகும்? இங்கே ஓர் உளவியல் சோதனையைச் சொல்ல வேண்டும். 1975ல் பாருக் ஃபிஷோஃப் என்ற ஆய்வாளர் ஒரு போர்க்கதையைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார். பலருக்கும் பரிச்சயமில்லாத போர்: 1814ல் பிரிட்டிஷாருக்கும் நேபாளத்தின் கூர்க்காக்களுக்கும் நடந்தது. ஒரு குழுவிடம் பிரிட்டிஷார் வென்றதாகவும், இன்னொரு குழுவிடம் கூர்க்காக்கள் வென்றதாகவும், மற்றவர்களிடம் வேறு முடிவுகளையும் சொன்னார். பிறகு, ‘முடிவு தெரியாதிருந்தால் எதை எதிர்பார்த்திருப்பீர்கள்?’ என்று கேட்டார். தங்களுக்குச் சொல்லப்பட்ட முடிவையே அதிகம் எதிர்பார்த்திருப்போம் என்று ஒவ்வொரு குழுவும் சொன்னது. முடிவு தெரிந்தபின், அது முன்பே தெரிந்திருக்கக்கூடியது போலத் தோன்றுகிறது. விபத்து அறிக்கையை நீதிமன்றத்தில் படிப்பவர்கள் எல்லாருக்கும் முடிவு தெரியும். மலையில் நின்றவருக்குத் தெரியாது.

உலக அளவில் விமானத்துறை இதற்கு ஒரு கோட்பாடு வைத்திருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆவது இணைப்பு 1951ல் ஏற்கப்பட்டது. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. பழியையும் பொறுப்பையும் பங்கிடுவது அதன் வேலை அல்ல என்கிறது அது. அமெரிக்கச் சட்டம் இன்னும் ஒரு படி போய், தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையை நஷ்டஈட்டு வழக்கில் சாட்சியமாகப் பயன்படுத்தக் கூடாது என்று தடுக்கிறது. களத்தில் திரட்டிய வெறும் தகவல்களுக்குத்தான் விலக்கு.

இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி போனது. 2011 மே மாதம் டார்செட்டில் டைகர் மாத் என்ற பழங்கால இரட்டை அடுக்கு இறக்கை விமானம் விழுந்தது. பயணி இறந்தார், ஓட்டியவர் காயங்களோடு பிழைத்தார். பயணியின் குடும்பம் வழக்குத் தொடுத்து, அரசின் வான்விபத்து விசாரணைப் பிரிவின் அறிக்கையைச் சாட்சியமாகக் காட்டியது. அதைச் சேர்க்கக் கூடாது என்றார் ஓட்டியவர். அரசின் போக்குவரத்துத் துறையும், உலக விமான நிறுவனங்களின் கூட்டமைப்பும் வழக்கில் தலையிட்டு, இதை அனுமதித்தால் நாளை யாரும் விசாரணையாளர்களிடம் மனம்திறந்து பேச மாட்டார்கள் என்று வாதிட்டன. 2014ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அறிக்கை ஊரே படிக்க வெளியான ஆவணம். நீதிபதி மட்டும் ஏன் படிக்கக் கூடாது? அதற்கு எவ்வளவு மதிப்பு தருவது என்பதை நீதிபதி தீர்மானிப்பார்.

மகனையோ மகளையோ இழந்து நிற்கும் குடும்பத்தின் பக்கமிருந்து பார்த்தால் இந்தத் தீர்ப்பைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாட்டிலேயே சிறந்த நிபுணர்கள் எழுதிய அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, காசு கொடுத்து வேறு நிபுணரை வைத்துக்கொள் என்று அவர்களிடம் சொல்வது என்ன நியாயம்?

இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு வழக்கில் கோடு இன்னும் தெளிவாக விழுந்தது. 2015 ஆகஸ்ட் 22 அன்று ஷோரம் விமானக் கண்காட்சியில், கரணம் அடித்த ஹாக்கர் ஹன்டர் ஜெட் ஒன்று சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் பிழைத்தார். விசாரணைப் பிரிவிடம் இருந்ததையெல்லாம் போலீஸ் கேட்டது. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் பிரித்துக் கொடுத்தது: விமானத்துக்குள் இருந்த கேமராவின் படத்தை எடுத்துக்கொள்ளலாம், ஓட்டியவர் விசாரணையாளர்களிடம் சொன்ன வாக்குமூலத்தைத் தர முடியாது. கேமராவுக்கு வாயைத் திறக்கவும் மூடவும் தெரியாது. மனிதனுக்குத் தெரியும். அவன் சொன்னதைக் காக்காவிட்டால் அடுத்தவன் சொல்ல மாட்டான். என் பார்வையில் இந்த விஷயத்தில் ஒரு நீதிமன்றம் போட்ட மிகப் புத்திசாலித்தனமான கோடு இது.

*

வாயைத் திறக்க வைக்க முடியும் என்பதற்கு நிரூபணம் உண்டு. அதற்குக் கொடுத்த விலை 92 உயிர். 1974 டிசம்பர் 1 அன்று டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கியபோது மலையில் மோதியது. ‘இறங்குபாதையை அணுக அனுமதி’ என்ற சொற்களைக் கட்டுப்பாட்டு அறை ஒரு பொருளிலும் விமானிகள் வேறு பொருளிலும் புரிந்துகொண்டார்கள். ஆறு வாரத்துக்கு முன் யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று அதே இடத்தில், அதே குழப்பத்தால், மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. அந்த எச்சரிக்கை பக்கத்து நிறுவனத்துக்குப் போகவில்லை.

அதன்பின் பிறந்த முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதலில் அமெரிக்க விமானத்துறை நிர்வாகமே தவறுகளைத் தெரிவிக்கச் சொல்லிப் பார்த்தது. அபராதம் போடுபவரிடமே போய் யார் தவறை ஒப்புக்கொள்வார்கள்? 1976ல் பொறுப்பு நாசாவுக்கு மாறியது. நாசாவுக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. படிவத்தின் ஒரு துண்டில் பெயரும் முகவரியும். பரிசீலித்தபின் அந்தத் துண்டைக் கிழித்து, தேதி முத்திரை குத்தி, எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேண்டுமென்றே செய்யாத விதிமீறலாக இருந்து, பத்து நாளுக்குள் எழுதியிருந்தால், அந்தத் துண்டைக் காட்டி அபராதத்திலிருந்து தப்பலாம். பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் வந்திருக்கின்றன. சொந்த விமானத்தில் ஞாயிற்றுக்கிழமை பறப்பவர்களும் எழுதுகிறார்கள். ஆனால் இந்தப் பாதுகாப்பு விபத்துகளுக்கு இல்லை. மயிரிழையில் தப்பியவருக்கு உண்டு, மயிரிழையில் தப்பாதவருக்கு இல்லை.

அந்த இடைவெளியைச் சில நாட்டுச் சங்கங்கள் தாங்களே நிரப்புகின்றன. ஜெர்மனியின் ஹேங் கிளைடர், பாராகிளைடர் சங்கம் விபத்துகளைத் தொகுத்து, பெயர் நீக்கி, ஆண்டுதோறும் அலசி வெளியிடுகிறது. பிரிட்டிஷ் கிளைடிங் சங்கம் பல பத்தாண்டுகள் சேர்த்த பதிவுகளைத் தோண்டி, 2005ல் வின்ச் கிளம்பல்களுக்கான ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. வின்ச் என்பது கிளைடரைக் கம்பிவடத்தால் பட்டம்போல் இழுத்து ஏற்றும் இயந்திரம். ஓடும்போது ஒரு பக்க இறக்கை நுனி புல்லில் உரசினால், அடுத்த நொடியில் கிளைடர் சக்கரம்போல் உருண்டு கவிழும். இறக்கை சாய்ந்தபின் கம்பிவடத்தை விடுவிக்கும் பிடியைத் தேடினால் நேரம் போதாது. ஆகவே விதி: முதல் நொடியிலிருந்தே கை பிடியில் இருக்கட்டும், இறக்கையை நேராக வைக்க முடியாவிட்டால் யோசிக்காமல் இழு. இதை எழுத ஐந்து நிமிடம் போதும். இதுதான் எழுத வேண்டியது என்று தெரிய எத்தனையோ பேரின் விபத்துக் கதைகள் தேவைப்பட்டன. அதன்பின் அந்த வகை மரணங்களும் படுகாயங்களும் வெகுவாகக் குறைந்தன. இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் 2014ல் என்ன சொன்னாலும் அந்தச் சங்கம் பதிவு எழுதுவதை நிறுத்திவிடவில்லை.

வாகமனிலோ இமாசலப் பிரதேசத்தின் பீர் பில்லிங்கிலோ பாராகிளைடரில் இருவராகப் பறக்க நீங்கள் ஒருநாள் பணம் கட்டக்கூடும். மலைமேல் ஏறியதும் காட்சியில் மயங்குவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் கச்சையின் கொக்கிகளை உங்கள் கையாலேயே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பிறகு ஓட்டியிடம், ‘அண்ணே, இங்கே கடைசியாக நடந்த விபத்து என்ன, எப்படி நடந்தது?’ என்று கேளுங்கள். விவரமாகச் சொல்கிறவரோடு பறக்கலாம். ‘இங்கே அப்படியெல்லாம் எதுவும் நடந்ததே இல்லை சார்’ என்று சிரிப்பவரிடம் கட்டிய பணம் போனால் போகட்டும், இறங்கி வந்துவிடுங்கள்.